இடம் மாறும் ஒற்றைக்கொம்பு

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். சாயப்பட்டறைகளும், அவற்றின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையமும், பனியன் கம்பெனிகளும் உள்ள ஊர். இந்த வட்டாரத்தில் துணி ஒரே கூரைக்குள் பிறந்து உடையாகிவிடுவது அபூர்வம். நிட்டிங் ஓட்டிய கிரே துணி சாயத்துக்குப் போகும். சாயம் ஏறிக் காய்ந்ததும் காம்பாக்டிங். அங்கிருந்து கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பாதிக்கு மேல் வேறொருவர் இடத்தில் கூலிக்கு நடக்கும் வேலை. எனவே துணி ஒரு வாசலைத் தாண்டும்போதெல்லாம் கூடவே ஒரு தாளும் போகவேண்டும். ஊர்க்காரர்கள் அதை டி.சி. என்பார்கள்; டெலிவரி சலான். பார்ட்டி பெயர், லாட் நம்பர், டயா, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ஷேட், ரோல் எண்ணிக்கை, ஒவ்வொரு ரோலின் எடை, வண்டி எண் எல்லாம் அதில் இருக்கும். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 55ஆவது விதி இந்தச் சலானுக்கு மூன்று படிகள் கேட்கிறது: சரக்கைப் பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று.

கார்பன் தாள் வைத்து எழுதிய காலம் போய், இன்று பல அலுவலகங்களில் சலான் பிரவுசரில்தான் பிறக்கிறது. எடை மேடையில் ரோலை வைத்தவுடன் எண்கள் ஒரு வலைப்பக்கத்தின் அட்டவணையில் வரிசையாக ஏறுகின்றன. கடைசி ரோல் ஏறியதும் ஒரு பொத்தானை அழுத்தினால் பிடிஎஃப் வருகிறது. அது அச்சுக்கும் போகிறது, பார்ட்டியின் வாட்ஸ்அப்புக்கும் போகிறது. பொத்தானுக்கும் பிடிஎஃப்புக்கும் இடையில் ஓரிரு நொடிதான். அந்த நேரத்துக்குள் நடப்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். அதில் தமிழ் எழுத்து என்ன ஆகிறது என்பதில் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர் கண்ணில் படவே படாத ஒரு சிக்கல் அங்கே இருக்கிறது.

வலைப்பக்கத்துக்கு அகலமும் இல்லை, நீளமும் இல்லை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எச்டிஎம்எல் மொழியை அமைத்தபோது, ஆவணத்தின் கட்டமைப்பை மட்டுமே அதில் சொல்ல நினைத்தார்: இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு. எந்தத் திரையில், எவ்வளவு பெரிய எழுத்தில் என்பதைப் படிப்பவரின் கணினி முடிவு செய்துகொள்ளும். அதே பக்கம் செல்பேசியில் ஒடுங்கி நீளும், மேசைக் கணினியில் விரிந்து குறுகும். பிடிஎஃப் இதற்கு நேர் எதிரான கவலையில் பிறந்தது. அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக், 1991இல் 'கேம்லாட்' என்ற பெயரில் ஒரு திட்டக் குறிப்பை எழுதினார். எந்த இயந்திரத்தில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் ஓர் ஆவணம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. 1993இல் பிடிஎஃப் வெளிவந்தது. 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமானது.

பிடிஎஃப் கோப்பைப் பிரித்து உள்ளே பார்த்தால் பத்தி, அட்டவணை, தலைப்பு என்று எதுவும் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஓர் அங்குலத்தை 72 பங்காக்கினால் வரும் புள்ளிதான் அதன் அளவுகோல். ஏ4 தாள் ஏறத்தாழ 595 புள்ளி அகலம், 842 புள்ளி உயரம். தாளின் கீழ் இடது மூலையிலிருந்து இத்தனை புள்ளி வலது, இத்தனை புள்ளி மேலே, அங்கே இந்த எழுத்துருவின் 41ஆம் வடிவத்தை வை, பக்கத்தில் 17ஆம் வடிவத்தை வை, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு இழு. இப்படிப்பட்ட கட்டளைகளின் வரிசைதான் ஒரு பக்கம். வலைப்பக்கம் ரோலில் இருக்கும் துணி என்றால், பிடிஎஃப் கட்டிங் மேசையில் வெட்டி முடித்த பாகம். ரோலை எந்த அளவுக்கும் விரிக்கலாம். வெட்டிய கையை மறுபடி ரோலாக்க முடியாது. வெட்டும் முன் அளவெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும்.

அந்த அளவுகளை முடிவு செய்வதுதான் மாற்றும் மென்பொருளின் வேலை. முதலில் எச்டிஎம்எல்லைப் படித்து ஒரு மரமாக்கும்: சலான் என்ற வேரில் தலைப்பு ஒரு கிளை, அட்டவணை ஒரு கிளை, அட்டவணைக்குள் வரிகள், வரிகளுக்குள் கட்டங்கள். அடுத்து, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகளைப் படித்து ஒவ்வொரு கிளைக்கும் எழுத்துரு, அளவு, ஓரம், நிறம் ஆகியவற்றைப் பொருத்தும். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியாக்கிப் பெட்டிகளை அடுக்கும், பெட்டிக்குள் வார்த்தைகளை வரிகளாக உடைக்கும். இதுவரை பிரவுசரும் செய்கிற வேலைதான். பக்கம் பிரிப்பது மட்டும் புதிது. திரைக்கு முடிவில்லை, உருட்டிக்கொண்டே போகலாம். தாள் 842ஆம் புள்ளியில் முடிந்துவிடும்.

அறுபது ரோல் ஏற்றிய ஒரு சலானை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் நாற்பது வரி அடங்குகிறது. இரண்டாம் பக்கம் தலைப்பு வரி இல்லாமல் வெறும் எண்களோடு தொடங்கினால், எது மொத்த எடை, எது நிகர எடை என்று இறக்குபவருக்குத் தெரியாது. ஒரு வரியின் மேல் பாதி முதல் பக்கத்திலும் கீழ் பாதி அடுத்த பக்கத்திலும் விழுந்தால் இன்னும் மோசம். இதற்கெல்லாம் சிஎஸ்எஸ்ஸில் விடை உண்டு. 1998இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலேயே தாளின் அளவையும் ஓரத்தையும் சொல்லும் விதி சேர்க்கப்பட்டது. அட்டவணையின் தலைப்பைத் தலைப்பு என்று எச்டிஎம்எல்லில் முறையாகக் குறித்திருந்தால், நல்ல மென்பொருள் அதை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப அச்சிடும். இந்த வரியை நடுவில் உடைக்காதே, கையொப்பம் இடும் கட்டத்தை மொத்த எடையிலிருந்து பிரிக்காதே என்றும் விதி எழுதலாம். வலைப்பக்கம் வடிவமைப்பவர்கள் பலர் இந்த விதிகளைத் தொடுவதே இல்லை. திரையில் அவற்றுக்கு வேலை இல்லாததால் மறந்துபோகிறது.

பைத்தான் மொழியில் இந்த வேலைக்குக் கருவிகள் பல உண்டு. ஒரு காலத்தில் எல்லோரும் கையில் எடுத்தது டபிள்யூகேஎச்டிஎம்எல்டூபிடிஎஃப். பழைய வெப்கிட் பிரவுசர் எஞ்சினைத் திரையில்லாமல் ஓட்டி பிடிஎஃப் எடுக்கும் சிறு நிரல் அது. பைத்தானிலிருந்து பிடிஎஃப்கிட் என்ற நூலகம் வழியாக அதை அழைப்பார்கள். அதற்குள் இருக்கும் எஞ்சின் வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படவில்லை, 2023 ஜனவரியில் அந்தத் திட்டத்தின் களஞ்சியமும் மூடி வைக்கப்பட்டது. இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கம் அகலமாக இருந்தால் தானாகவே சுருக்கிப் பொருத்தும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தச் சுருக்கம் இன்வாய்சின் கியூஆர் குறியீட்டையும் சேர்த்தே சுருக்கிவிடும்.

ஆண்டு வர்த்தகம் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்-இன்வாய்ஸ் கட்டாயம். அதிலுள்ள கியூஆர் சாதாரண இணைப்பு முகவரி அல்ல. விற்பவர், வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்கள், இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, வரிகளின் எண்ணிக்கை, முதன்மைப் பொருளின் எச்எஸ்என் குறியீடு, 64 எழுத்து நீளமுள்ள ஐஆர்என் என்ற இன்வாய்ஸ் பதிவெண் ஆகியவற்றோடு மின்கையொப்பமும் அதற்குள் இருக்கிறது. அதனால் கட்டங்கள் மிக நெருக்கம். அதைச் சிறுத்த படமாக வைத்து அச்சிட்டால் வழியில் வண்டியை நிறுத்திச் சோதிப்பவரின் செல்பேசி படிக்காது. கியூஆரைப் புள்ளிப் படமாக வைக்காமல் எஸ்விஜி என்ற கோட்டு வடிவமாகவே பிடிஎஃப்பில் சேர்ப்பதும், அளவை மில்லிமீட்டரில் சொல்லிவிடுவதும் நல்லது.

வீசிபிரிண்ட் வேறு வகை. 2011இல் பிரான்ஸைச் சேர்ந்த கோசியா நிறுவனத்தில் சிமோன் சப்பான் தொடங்கியது. பிரவுசர் எதையும் இரவல் வாங்காமல், எச்டிஎம்எல்லையும் சிஎஸ்எஸ்ஸையும் தாளுக்காகவே அடுக்கும் எஞ்சினைப் பைத்தானிலேயே எழுதினார்கள். ஜிஞ்சா என்ற பைத்தான் நூலகத்தின் வார்ப்புருவில் சலானின் விவரங்களை நிரப்பி, வரும் எச்டிஎம்எல்லை வீசிபிரிண்ட்டிடம் கொடுத்து 'பிடிஎஃப் எழுது' என்று ஒரு கட்டளை இட்டால் போதும். பக்க எண், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஜிஎஸ்டி எண், தலைப்பு வரி திரும்ப வருவது எல்லாவற்றையும் அது நன்றாகச் செய்கிறது. நீங்களே உருவாக்கும் சலான், பில், சம்பளச் சீட்டு ஆகியவற்றுக்கு இதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். ஆனால் அது ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டாது. வெளிநாட்டு பையர் ஒருவரின் தளத்திலுள்ள ஆர்டர் பக்கத்தை அதனிடம் கொடுத்தால் பெரும்பாலும் வெற்றுத் தாள்தான் வரும். அந்தப் பக்கங்களில் எச்டிஎம்எல் வெறும் கூடு. சரக்கையெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் பிறகுதான் கொண்டுவந்து நிரப்புகிறது.

அங்கேதான் பிளேரைட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட இந்தக் கருவி, குரோமியம் பிரவுசரைத் திரையில்லாமல் ஓட்டி, பக்கம் முழுவதும் நிரம்பும்வரை காத்திருந்து பிடிஎஃப் எடுத்துத் தரும். கனமான கருவிதான், ஒவ்வொரு முறையும் முழு பிரவுசரே எழுந்து நிற்கவேண்டும். ஆனால் திரையில் தெரிவதை இதைவிட நெருக்கமாகத் தருவது வேறில்லை. இதிலும் திருப்பூர்க்காரர் கவனிக்கவேண்டிய ஒரு பழக்கம் உண்டு. மை மிச்சமாகட்டும் என்று பிரவுசர்கள் அச்சிடும்போது பின்னணி நிறங்களை விட்டுவிடும், பிளேரைட்டும் சொல்லாவிட்டால் அப்படியே செய்யும். பையரின் ஷேட் பட்டியலில் நிறக் கட்டங்கள் எல்லாம் பின்னணி நிறமாகத்தான் தீட்டப்பட்டிருக்கும். பிடிஎஃப்பில் பாண்டோன் எண்கள் மட்டும் இருக்க, கட்டங்கள் வெள்ளையாக வரும். பின்னணியையும் அச்சிடு என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் நிறம் வந்துவிடும். வந்த பிறகும் அது திரைக்கான ஆர்ஜிபி நிறமே. ஷேட்டை ஒப்புக்கொள்ள, மாதிரிக்குச் சாயமேற்றிய லேப் டிப் துண்டும் அதை வைத்துப் பார்க்கும் லைட் பாக்ஸும்தான், பிடிஎஃப் அல்ல.

இனி தமிழ்.

சலானில் 'பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. விசைப்பலகையில் எப்படித் தட்டினாலும் கணினியின் நினைவில் அது நாம் உச்சரிக்கும் வரிசையில்தான் உட்காரும். யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. 'ப' அதில் 2986ஆம் எண், எகரக் குறியான ஒற்றைக்கொம்பு 3014. நினைவில் முதலில் 2986, அதன் பின் 3014. ஒலியிலும் பகரம் முதலில், எகரம் பிறகு. ஆனால் தாளில் கொம்பு முதலில் நிற்கவேண்டும், பகரம் அதற்கு வலப்பக்கம். நினைவின் வரிசையும் கண்ணின் வரிசையும் இங்கே தலைகீழ்.

இது ஏதோ ஓரிரு எழுத்தின் விதிவிலக்கு இல்லை. எ, ஏ, ஐ ஆகிய மூன்று உயிர்களின் குறிகள் மெய்யின் இடப்பக்கம் போகும். ஒ, ஓ, ஔ ஆகியவை இரண்டாகப் பிரிந்து மெய்யை நடுவில் வைத்து இருபுறமும் நிற்கும். பன்னிரண்டு உயிரில் ஆறு. 216 உயிர்மெய்களில் 108, சரிபாதி. இவை போக உகர, ஊகார வரிசைகள் இருக்கின்றன. கு, சு, டு, ரு என்று ஒவ்வொரு மெய்யும் உகரத்தோடு சேரும்போது தனக்கென்று ஒரு வடிவம் எடுக்கிறது. ரகரத்தின் பக்கத்தில் ஓர் உகரக் குறியை ஒட்டவைத்தால் 'ரு' ஆகாது.

ஆகவே எண்களின் வரிசையை வடிவங்களின் வரிசையாக மாற்ற நடுவில் ஒருவர் தேவை. எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் படித்து, எந்தக் குறியை முன்னால் நகர்த்துவது, எந்த இரண்டைச் சேர்த்து ஒரே வடிவமாக்குவது, புள்ளியை மெய்யின் தலைக்கு மேல் எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் நிரல். இன்று உலகின் பெரும்பகுதிக்கு இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்தது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வீசிபிரிண்ட் பாங்கோ என்ற நூலகத்தின் வழியாக அதையே பயன்படுத்துகிறது.

இந்த நடுவர் இல்லாத கருவிகளும் உண்டு. பைத்தானில் நேரடியாக பிடிஎஃப் வரையும் ரிப்போர்ட்லேப் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. அதன்மேல் கட்டிய எக்ஸ்எச்டிஎம்எல்டூபிடிஎஃப்பும் அப்படியே. எண் வந்த வரிசையில் வடிவத்தை வைத்துக்கொண்டே போவார்கள். ப, பிறகு கொம்பு, பிறகு ய, பிறகு ர். கொம்பு இப்போது யகரத்தின் இடப்பக்கம் நிற்கிறது. படிப்பவர் கண்ணுக்கு அது 'பயெர்'. தமிழ் தெரிந்த யாரும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். ஆனால் அந்த பில் மென்பொருளை எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்தால், எழுத்துகள் எல்லாம் வந்திருக்கின்றனவே என்று விட்டுவிடுவார். இன்னொரு பழைய நோய் சதுரப் பெட்டிகள். பிடிஎஃப் தரத்தோடு வந்த 14 அடிப்படை எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. நிரல் ஓடும் சர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ நிறுவப்படவில்லை என்றால் எழுத்துக்குப் பதில் பெட்டிதான் வரும். மேசைக் கணினியில் சரியாக வந்தது சர்வரில் பெட்டியாகும்போது பைத்தான் நிரலைக் குடைந்து பார்த்துப் பயனில்லை, எழுத்துருவை நிறுவினால் தீரும்.

இவை கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள், எனவே யாராவது சரிசெய்துவிடுவார்கள். நான் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு. பிடிஎஃப்பில் 'பெயர்' மிக அழகாக அச்சாகியிருக்கிறது. அதைச் சுட்டியால் தேர்ந்து நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டுங்கள். 'ெபயர்' என்று வருகிறது. 'சென்னை' அங்கே 'ெசன்ைன'. 'கொங்கு நகர்' என்ற முகவரி 'ெகாங்கு நகர்'. பார்க்க நன்றாக இருந்த தாளின் உள்ளே எழுத்து உடைந்து கிடக்கிறது. அந்த பிடிஎஃப்பில் 'பெயர்' என்று தேடினால் ஒன்றும் இல்லை என்றே பதில் வரும்.

காரணம் பிடிஎஃப்பின் இயல்பிலேயே இருக்கிறது. அது சேமிப்பது வடிவ எண்களை, எழுத்துகளை அல்ல. 41ஆம் வடிவம் கொம்பு, 17ஆம் வடிவம் ப என்று அச்சுப்பொறிக்குத் தெரிய வேண்டியதில்லை, வரைந்தால் போதும். ஆனால் தேடவும் நகலெடுக்கவும் தெரியவேண்டும். அதற்காக ஒவ்வோர் எழுத்துருவோடும் ஓர் அட்டவணையை வைக்கும் வசதி வந்தது: டூயூனிகோட். வடிவம் 41 என்றால் யூனிகோட் 3014, வடிவம் 17 என்றால் 2986. 'ரு' போன்ற கூட்டு வடிவத்துக்கு 2992, 3009 என்று இரண்டு எண்களைக்கூட அதில் எழுதலாம். அதனால் 'அருள்புரம்' பிழைத்துக்கொள்ளும், அதில் இடம் மாறும் குறி எதுவும் இல்லை. அங்கிருந்து துணி போகும் பெருமாநல்லூர் பிழைக்காது. டூயூனிகோட் அட்டவணை ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது, வரிசை மாறியதைச் சொல்ல அதில் இடம் இல்லை. வடிவங்கள் பக்கத்தில் கொம்பு, ப என்று வரிசையாக இருந்தால், திரும்ப வருவதும் 3014, 2986தான்.

இதற்கும் தரத்திலேயே தீர்வு எழுதப்பட்டிருக்கிறது. 2001இல் வந்த பிடிஎஃப் 1.4இல் ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற குறிப்பு சேர்ந்தது. பக்கத்திலுள்ள சில வடிவங்களை ஒரு கூட்டமாகக் குறித்து, இந்தக் கூட்டத்தின் உண்மையான எழுத்து இது என்று பக்கத்தில் எழுதி வைக்கலாம். கொம்பும் பகரமும் சேர்ந்த கூட்டத்துக்கு 2986, 3014 என்று எழுதினால் நகலெடுக்கும்போது 'பெ' என்றே வரும். எழுதும் கருவி இந்தக் குறிப்பை இடவும் வேண்டும், படிக்கும் மென்பொருள் அதை மதிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் போச்சு. கருவியின் பதிப்பு மாறினால், எழுத்துரு மாறினால், முடிவும் மாறக்கூடும். அதனால் இந்தக் கருவி நல்லது, அது கெட்டது என்று ஒரு பட்டியல் போடுவதைவிட, சோதிக்கும் வழியைச் சொல்வதே பயன் தரும்.

வழி எளிது. எந்த உரையிலிருந்து பிடிஎஃப் செய்தீர்களோ அந்த உரை கையில் இருக்கிறது. பிடிஎஃப் ஆனதும், பாப்ளர் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்டூடெக்ஸ்ட் நிரலாலோ பைபிடிஎஃப் நூலகத்தாலோ உரையைத் திரும்ப எடுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோட் சீர்வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'கொ' என்பதை 2965, 3018 என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம், 2965, 3014, 3006 என்று மூன்று எண்ணாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, கணினியின் நேரடி ஒப்பீடு வேறு வேறு என்கிறது. பைத்தானோடு கூடவே வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் சீராக்கும் செயல் இருக்கிறது, ஒரு வரிதான். பிறகு 'பெருமாநல்லூர் கோவில்வழி தென்னம்பாளையம் வௌவால்' என்பது போல இடம் மாறும் குறிகள் பலவும் வரும் ஒரு சோதனை வரியை வார்ப்புருவின் முதல் பிரதியில் வைத்துப் பாருங்கள். திரும்ப வரும் வரி அப்படியே இருந்தால் உங்கள் கருவியும் எழுத்துருவும் சேர்ந்து வேலை செய்கின்றன. இல்லையென்றால் வேறு எழுத்துரு, அல்லது வேறு கருவி. கிரே துணியை ஜிஎஸ்எம் பார்க்காமல் சாயத்துக்கு அனுப்பாத ஊர், இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கான பிடிஎஃப்களை ஏன் சேர்த்து வைக்கவேண்டும்?

தமிழுக்கு இந்த வரிசைச் சிக்கல் யூனிகோடோடு வந்ததும் அல்ல. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கொம்பைத்தான் முதலில் அடிப்பார்கள், பிறகு மெய். பார்க்கும் வரிசையே அடிக்கும் வரிசை. டிஸ்கி என்று அழைக்கப்பட்ட டிஎஸ்சிஐஐ, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேப், டேம் ஆகிய குறியீடுகளும் கொம்பை முதலில் சேமித்தன. சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் முதல் நூல்களை இத்தகைய குறியீட்டில்தான் வெளியிட்டது. யூனிகோடுக்கு மாற்றும்போது ஒவ்வொரு கொம்பையும் பிடித்து மெய்யின் பின்னால் நகர்த்தவேண்டியிருந்தது. அந்த உழைப்பால்தான் சங்க நூல்கள் இன்று எச்டிஎம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. அதற்கு முன் பழைய எழுத்துருக்களில் உருவான பிடிஎஃப்களை நகலெடுத்தால் இன்றும் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் வருகிறது. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பழைய குறியீடுகளை யூனிகோடாக்கும் செயல்கள் இருக்கின்றன. அத்தகைய ஆவணங்கள் கையில் இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அருள்புரத்தின் பட்டறைகளில் இப்போது தமிழ் மட்டும் போதாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை செய்கிறார்கள். பாதுகாப்பு அறிவிப்பும் சம்பளச் சீட்டும் அவரவர் மொழியில் வேண்டும், பையரின் தணிக்கைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். இந்தி எழுதும் தேவநாகரியில் குறில் இகரக் குறி மெய்யின் இடப்பக்கம் போகும். ஒடியாவில் ஏகாரக் குறி இடப்பக்கம் போகும். தமிழுக்குச் சரியாக வேலை செய்யும் வார்ப்புரு, அந்தந்த மொழியின் எழுத்துருவைச் சேர்த்தால் அவற்றுக்கும் பெரும்பாலும் வேலை செய்யும், நடுவில் இருப்பது அதே ஹார்ஃப்பஸ். ஆனால் சோதனை வரியை அந்த மொழி தெரிந்தவரிடம் எழுதி வாங்கவேண்டும். ஒருவர் மாதம் முழுக்க உழைத்ததற்கான சீட்டில் அவர் பெயரே தவறாக இருப்பதைப் போன்ற அவமரியாதை வேறில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பெயர் ஒத்துப்போகாமல் அவர் அலையும்போது அது அவமரியாதையோடு நிற்பதும் இல்லை.

சலானும் இன்வாய்சும் நீண்ட நாள் வாழவேண்டிய ஆவணங்கள். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். நெடுங்காலச் சேமிப்புக்கென்றே பிடிஎஃப்/ஏ என்ற ஐஎஸ்ஓ தரம் 2005இல் வந்தது. பயன்படுத்திய எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்தாக வேண்டும், வெளியிலிருந்து எதையும் இழுக்கக் கூடாது என்று அது கறாராகச் சொல்கிறது. வீசிபிரிண்ட்டில் எந்த வகை பிடிஎஃப் வேண்டும் என்று ஒரு விருப்பத்தைக் கொடுத்தால் அது பிடிஎஃப்/ஏ எழுதித் தரும்.

அதே தரத்தின் மூன்றாம் பகுதி, 2012இல் வந்தது, இன்னும் ஒரு படி போகிறது. பிடிஎஃப்புக்குள் எந்த வகைக் கோப்பையும் இணைப்பாக வைக்க அது அனுமதிக்கிறது. ஜெர்மனியின் சுக்ஃபெர்ட், பிரான்ஸின் ஃபாக்டூர்-எக்ஸ் ஆகிய இன்வாய்ஸ் முறைகள் இதன்மேல்தான் நிற்கின்றன. மனிதர் படிக்கத் தாள் வடிவம், அதற்குள்ளேயே கணினி படிக்க எக்ஸ்எம்எல் கோப்பு. திருப்பூர்ப் பின்னலாடையை வாங்கும் நாடுகள் இவை. சலானுக்கும் இதைச் செய்யலாம். ரோல் வாரியான எடைப் பட்டியலை யூனிகோட் தமிழில் ஒரு சிஎஸ்வி கோப்பாக எழுதி, வீசிபிரிண்ட்டின் இணைப்பு வசதி வழியாக அந்த பிடிஎஃப்புக்குள்ளேயே வைத்துவிடலாம். சாயப்பட்டறையின் கணினி அதை எடுத்து எடைகளை நேராகத் தன் அட்டவணையில் ஏற்றிக்கொள்ளும். அறுபது எண்களை யாரும் மறுபடி தட்டவேண்டியதில்லை. பெருமாநல்லூரும் பெருமாநல்லூராகவே போய்ச் சேரும்.